சாகாதவனுக்குப் பிண்டம்

புனோம் பென்
14 செப்டம்பர் 2003

சவூன் அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ரும்டுல் நேற்று ஊரிலிருந்து திரும்பி வந்தாள். தையல் லைனில் எனக்குப் பக்கத்து மெஷின் அவளுடையது. வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. "ஏன்டி அழறே, வீட்டுல யாருக்காவது முடியலையா?" என்றேன். "என்கிட்டகூட சொல்லலையேக்கா, வெஸ்னா அண்ணன் போயிட்டாருன்னு" என்கிறாள்.

முன்னோருக்குச் சோறு படைக்கிற பிச்சும் பென் முதல் நாள், விகாரையில் சடங்கு நடத்துகிற ஆசார் செத்தவர்களின் பெயர்களைப் படித்தாராமே. உங்கள் அப்பா பெயருக்கு அடுத்தபடியாக என் புருஷன் பெயரைப் படித்தாராம். அம்மா அந்தப் பெயரைச் சொல்லி எள்ளுச்சோற்று உருண்டையை விகாரைச் சுவரோரம் போட்டாராம். ஊரே பார்த்திருக்கிறது. நான் மட்டும்தான் பாக்கி. எனக்குப் பக்கத்து மெஷின்காரி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

யாரைக் கேட்டு உங்கள் தம்பி பெயரைக் கொடுத்தீர்கள்? அவர் தாய்லாந்துக்குக் கடலில் மீன் பிடிக்கப் போனார். தகவல் வரவில்லை. தகவல் வராததும் சாவும் ஒன்றா? உயிரோடு இருக்கிற ஆளைச் செத்தவர்கள் வரிசையில் நிறுத்திக் கூப்பிட்டால் அவன் ஆயுசு அறுந்துபோகும் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா? வேறு யாராவது செய்திருந்தால் சூனியம் வைத்தார்கள் என்று நீங்களே சண்டைக்குப் போயிருப்பீர்கள்.

நானே நேரில் வந்து கேட்டிருப்பேன். எங்கள் கம்பெனியில் அரசாங்க விடுமுறை மூன்று நாள்தான், அதுவும் கடைசியில். நேற்று லீவு கேட்டதற்கு வெளிநாட்டு சூப்பர்வைசர், "உங்க நாட்டுல உயிரோட இருக்கிறவனுக்கும் லீவு, ராஜாவுக்கும் லீவு, பேய்க்கும் லீவு. துணியை எவன் தைக்கிறது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாளைக்கே ஆசாரிடம் போய் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதி வேன்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். அதற்கு மேல் எதுவும் எழுத வேண்டாம்.

நிமோல்


ஸ்வாய் தோம்
16 செப்டம்பர் 2003

நிமோலுக்கு,

ஒரு வரி எழுதச் சொன்னாய். நான் உன் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை, நீ சொன்னபடி எழுத.

முதலில் ஒன்று. கடிதத்தை ஒட்டிக் கொடுக்கத் தெரியாதா? வேன்காரர் கியெட் படகுத்துறையில் காத்துக் கிடந்த நேரத்தில் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஒரு கேள்வி வேறு.

நீ நகரத்தில் இருக்கிறாய். மூன்று நாள் வந்து, ஒட்டரிசிக் கொழுக்கட்டை தின்றுவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு விகாரைக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுகிறாய். இங்கே பதினைந்து நாளும் இருப்பது நான். விடியுமுன் எழுந்து சோறு வடித்து உருண்டை பிடிப்பது நான். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிறவள் என் விலாவில் இடித்து, "உன் தம்பி பேரைக் கொடுக்கலையா?" என்று கேட்டதற்குப் பதில் சொன்னவளும் நான்தான். ஏழு விகாரை தேடி அலைந்து ஒரு பிடி சோறு கிடைக்காவிட்டால் செத்தவன் ஆவி தன் வீட்டாரைத்தான் சபிக்கும். செத்திருந்தால் அவன் பசியோடு அலையட்டும் என்கிறாயா? சாகவில்லை என்றால் என்ன நஷ்டம்? நாய் தின்றுவிட்டுப் போகிறது.

அம்மா துக்கத்துக்குத் தலையை மழித்துக்கொண்டுவிட்டாள். பெயரைக் கேட்ட அன்று சாயங்காலமே. ரும்டுல் அதைச் சொல்லவில்லையா? "மகன் நனைஞ்சுபோய் படிக்கட்டுல நிக்கிறான், சோறு கேக்கிறான்" என்று ஆறு மாதமாகக் கனவு கண்டு அலறிக்கொண்டிருந்தவள், சோறு போட்ட பிறகு நன்றாகத் தூங்குகிறாள். அவளிடம் போய், தப்பாகச் சொல்லிவிட்டோம், உருண்டையைத் திருப்பிக் கொடு என்று சொல்லவா?

பெயரை எடுக்க மாட்டேன். எனக்குத் தெரிந்தது எனக்கு.

இன்னொன்று. மெஷின் ரிப்பேர் செய்கிற ஹெங் என்கிற பையன் நல்ல மாதிரி என்று ரும்டுல் சொன்னாள். நீ அவனிடம் பேசுவதே இல்லை என்றும் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சவூன்


புனோம் பென்
18 செப்டம்பர் 2003

அக்காவுக்கு,

இந்தத் தடவை சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். கியெட் நக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓஹோ, அதுதானா சங்கதி! என்னை யார் தலையிலாவது கட்டிவிட்டால் உங்கள் வீட்டுப் பாரம் குறையும். அதற்கு என் புருஷன் சாக வேண்டும். அவர் சாகாவிட்டால் ஆசாரை வைத்துச் சாகடித்துவிடலாம். ரொம்ப நன்றாக இருக்கிறது. ரும்டுலிடம் என்னைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரிந்ததும் அவளிடமும் இரண்டு நாளாக நான் பேசவில்லை. ஹெங் யாராக இருந்தால் எனக்கென்ன? என் மெஷினுக்கு எண்ணெய் விட வரும்போது அவர் காலில் விழுந்து கும்பிடவா சொல்கிறீர்கள்?

நான் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஆற்றங்கரைக்குப் போய் ஊதுவத்தி ஏற்றுகிறேன். அவர் போன படகு கரை சேர வேண்டும் என்று. ஏப்ரலில் புத்தாண்டு லீவுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அம்மாவை உட்கார வைத்து நாம் இரண்டு பேரும் வாசனைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினோம். "அடுத்த புத்தாண்டுக்குள்ள அவரு வந்துடணும்" என்று நான் வாய்விட்டு வேண்டினேன். நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, அப்படியே ஆகட்டும் என்று கை கூப்பி "சாது, சாது" என்றீர்கள். அந்த வாயால்தான் இப்போது அவரைச் செத்தவர் என்கிறீர்கள்.

அம்மா தலையை மழித்த விஷயம் எனக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டு நான் மெஷின் முன்னால் அழுதேன். ஆனால் அது யார் செய்த வேலை? என் மேல் ஏன் போடுகிறீர்கள்?

"எனக்குத் தெரிந்தது எனக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன தெரியும்? படகு மூழ்கிய சேதி ஏதாவது வந்ததா? கூடப் போனவன் யாராவது திரும்பி வந்தானா? தெரிந்தால் சொல்லுங்கள். அவர் செத்திருந்தால் அழுது தீர்க்க எனக்குத் தைரியம் உண்டு. சொல்லாவிட்டால் நேராக அம்மாவிடம் வந்து கேட்பேன்.

நிமோல்


ஸ்வாய் தோம்
20 செப்டம்பர் 2003

நிமோல்,

அம்மாவிடம் கேட்காதே. அவளுக்கு ஒன்றும் தெரியாது. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ விடமாட்டேன் என்கிறாய். படித்துக்கொள்.

அவன் சாகவில்லை.

ஏப்ரலில் நீ வந்த அன்றைக்கு முதல் நாள், சந்தையில் இருக்கிற போன் கடைக்காரன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். போனேன். "அக்கா, நான்தான்" என்றான். "எங்கடா இருக்கே? எப்ப வர்றே?" என்று கத்தினேன். அங்கேயும் அன்றைக்குப் புத்தாண்டு விடுமுறையாம். அதனால்தான் போன் செய்யத் துரைக்கு நேரம் கிடைத்ததாம். கடல் வேலையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. ஏதோ துறைமுகத்தில் மீன் காயப்போடுகிற களத்தில் இருக்கிறான். பெண்டாட்டி இருக்கிறாள். ஒரு குழந்தையும் இருக்கிறது. "நான் இனி வரமாட்டேன்க்கா. நிமோல்கிட்ட செத்துட்டேன்னு சொல்லிடு. அவளுக்கும் அதுதான் நல்லது" என்றான்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "செத்துட்டேன்னு நீ சொன்னா போதுமாடா? செத்தவனுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் எவன் செய்வான்?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

மறுநாள் நீ வந்தாய், அவனுக்கு ஒரு புதுச் சட்டை வாங்கிக்கொண்டு. எனக்குச் சொல்ல வரவில்லை. சாது சாது என்றுதான் வந்தது. அந்த ராத்திரி முழுக்க உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவனைச் சபித்தேன். பிறகுதான் நினைத்தேன்: சாக வேண்டும் என்று கேட்கிறானா, சாகட்டும். முறைப்படி சாகட்டும். விகாரையில் பெயர் கூப்பிட்டு, எள்ளும் சோறும் போட்டு, ஊரறியச் சாகட்டும்.

பாரத்தைக் குறைக்கப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு உன்னை நாலு அறை அறையலாம் போல இருந்தது. விதவையை ஊர் எப்படிப் பார்க்கும், விட்டுவிட்டுப் போனவன் பெண்டாட்டியை எப்படிப் பார்க்கும், உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். என் புருஷன் சொர்ன் மலேரியாவில் செத்துப்போனான் என்றுதானே உனக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்? அவன் பட்டம்பாங்கில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். வேறொருத்தியோடு. காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னவள் நான். அம்மாவுக்கும் அதையேதான் சொன்னேன். வருஷா வருஷம் ஆசார் அவன் பெயரைப் படிப்பார். நான் கையைக் கூப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷத்தில், "உன்கிட்ட என்னடி குறை, ஏன் விட்டுட்டுப் போனான்?" என்று ஒரு நாய்கூட என்னைக் கேட்டதில்லை. பாவம் என்றார்கள். அரிசி கொடுத்தார்கள். நிமிர்ந்து நடக்க விட்டார்கள்.

அதைத்தான் உனக்கும் கொடுக்க நினைத்தேன். என்னிடம் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? அம்மாவும் சேர்ந்து அழுவாள் என்று நான் யோசிக்கவில்லை. அது என் தப்புதான். ஆனாலும் அவள் இப்போது தூங்குகிறாள். அவளைத் தூங்க விடு.

சவூன்


புனோம் பென்
22 செப்டம்பர் 2003

அக்காவுக்கு,

ஐந்து மாதம். ஐந்து மாதமாக நான் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். மழையில் நனைந்துகொண்டு ஆற்றங்கரையில் நின்றேன் என்று எழுதினேன், அதற்கு நீங்கள் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று பதில் எழுதினீர்கள். அவன் அங்கே குழந்தையைக் கொஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறான். அவன் மேல் இருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. நீங்கள் கடிதம் எட்டுகிற தூரத்தில் இருக்கிறீர்கள், அதனால் உங்களுக்குத்தான் முதலில்.

எனக்கு நல்லது எது என்று அவன் முடிவு செய்தான். பிறகு நீங்கள் முடிவு செய்தீர்கள். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் என்ன வாழைக்காயா, பழுக்கட்டும் என்று மூடி வைக்க?

எனக்கு விதவைப் பட்டம் வேண்டாம். வெள்ளைத் துணியும் வேண்டாம், யாருடைய அரிசியும் வேண்டாம். என்னை ஒருவன் விட்டுவிட்டுப் போனான் என்றால் அசிங்கம் அவனுக்கு. அதை ஏன் நான் சோற்று உருண்டைக்குள் வைத்து மறைக்க வேண்டும்? செத்தவனை யாரும் திட்ட மாட்டார்கள். அவன் தப்பித்துவிடுவான். நான் அவனை ஆயுசு முழுக்கத் திட்ட வேண்டும். அதற்கு அவன் உயிரோடு இருந்தாக வேண்டும்.

நாளை மறுநாள் லீவு தொடங்குகிறது. வேனில் இரண்டு மடங்கு கேட்கிறார்கள், பரவாயில்லை. கடைசி நாள் பெயர் படிக்குமுன் விகாரைக்கு வந்துவிடுவேன். அம்மாவிடம் நான் சொல்வேன். ஆசாரிடமும் நானே சொல்வேன். நீங்கள் தடுத்தால் ஊர் முன்னாலேயே சண்டை போடுவேன். உங்கள் புருஷன் விஷயம் உங்களுடையது. அதை நான் தொட மாட்டேன்.

நிமோல்


புனோம் பென்
27 செப்டம்பர் 2003

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். படகுத்துறையில் ஒரே கூட்டம். கியெட் வழிநெடுக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கடைசியில் மட்டும், "நல்லா சொன்னேம்மா" என்றார்.

விகாரையில் எல்லோர் முன்னாலும் நான் சொன்னபோது நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. கிளம்பும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். சரி. எனக்கும் கோபம் போகவில்லை.

இன்று காலை லைனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் புருஷன் உயிரோடு இருக்கிறான், என்னை விட்டுவிட்டான் என்று. ஒருத்தி, "ஐயோ" என்றாள். இன்னொருத்தி, "என் ஆளும் அப்படித்தான்" என்றாள், இத்தனை நாள் சொல்லாதவள். சூப்பர்வைசர், "லீவு முடிஞ்சுது, வாய மூடு" என்றான். அவ்வளவுதான் நடந்தது. ரும்டுலிடம் பேசிவிட்டேன். ஹெங் எண்ணெய் விட வந்தார். நான் அவரிடமும் சொன்னேன். ஊசியைக் கழற்றி மாட்டிவிட்டு, "படகுப் பந்தய லீவுக்கு ஊருக்குப் போறீங்களா, இங்கயே இருப்பீங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாதுதான். இந்தத் தடவை நான் யோசித்து நானே சொல்வேன்.

அம்மா சாப்பிடுகிறார்களா என்று மட்டும் எழுதுங்கள்.

நிமோல்


ஸ்வாய் தோம்
29 செப்டம்பர் 2003

நிமோல்,

அம்மா சாப்பிடுகிறாள். முதல் நாள் சாப்பிடவில்லை. மறுநாள் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "இந்தப் பயலுக்காகவா முடியை எடுத்தேன்?" என்று கேட்டுவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டாள். கனவு வருகிறதா என்று கேட்டேன். வருகிறதாம். படிக்கட்டில் நிற்கிறானாம். விளக்குமாற்றால் விரட்டினாளாம்.

உன் மேல் இருக்கிற கோபத்தை முழுசாக எழுத வேண்டுமானால் இந்தத் தாள் போதாது. எத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடம் அது! பிக்குகள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா? நீ சொல்லி முடித்ததும் அம்மா, "அப்போ இத்தனை நாளா என் சோத்தைத் தின்னது யாரு?" என்று கேட்டாளே, உன் காதில் விழுந்ததா? எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

அதுகூடப் பரவாயில்லை. ஆசார் வெஸ்னா பெயரை அடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதுல வேற யாராவது உயிரோட இருக்காங்களா?" என்று தமாஷாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறக்கவில்லை. தொட மாட்டேன் என்று எழுதியிருந்தாய், தொடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கோபம். நீ சொல்லியிருந்தால் உன்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருப்பேன். எல்லாம் உன்னால் என்று ஊர் முன்னால் அழுதிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய். ஆசார் பாக்கிப் பெயரையெல்லாம் படித்தார். சொர்ன் பெயரையும் படித்தார். நான் கை கூப்பவில்லை.

நீ வேன் ஏறின பிறகு பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பவும் விகாரைக்குப் போனேன். ஆசார் பெயர்த் தாள்களை எரிக்கக் குவித்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே அம்மா வந்தது எனக்குத் தெரியாது.

"சொர்ன் பேரையும் எடுங்க" என்றேன்.

"அவன் எப்பவோ செத்தவனாச்சேம்மா."

"சாகலை. பட்டம்பாங்குல சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்கான்."

அந்த மனுஷன் கையில் இருந்த தீக்குச்சி விரலைச் சுடுகிற வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தாளைத் தேடி எடுத்து அடித்தார். திரும்பினால் அம்மா. அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். "அந்த நாய்க்கும் சேர்த்தா வருஷா வருஷம் உருண்டை பிடிச்சேன்? நல்ல எள்ளுடீ அது! பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேனேடீ!" என்று விகாரை முற்றத்தில் நின்று கத்தினாள். வீடு வருகிற வரை கத்தினாள். வழியில் யாரைப் பார்த்தாலும் எள்ளைப் பற்றியே சொன்னாள். ஒரே ஒரு தடவை நின்று, "என்கிட்டகூட சொல்லலையேடீ" என்றாள். அப்புறம் மறுபடியும் எள்.

இனிமேல் ஊர் வாய் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ நகரத்தில் இருக்கிறாய், லைனில் நாலு பேர் ஐயோ என்றால் முடிந்துவிடுகிறது. நான் இங்கேயே கிடந்து தீர வேண்டும். அதற்கும் சேர்த்து உன் மேல் கோபம் இருக்கிறது, படகுப் பந்தய லீவுக்கு வந்தால் நேரில் கொட்டுவேன். வா. வரும்போது அம்மாவுக்குத் தலையில் கட்ட ஒரு நல்ல துண்டு வாங்கி வா.

இன்று காலை குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே, "உன் புருஷன் எந்தக் காய்ச்சல்ல செத்தான்னு சொன்னே?" என்று கேட்டாள். எல்லோரும் குடத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். "காய்ச்சலும் இல்லை, சாகவும் இல்லை. என்னை விட்டுட்டுப் போனான்" என்றேன். இத்தனை வருஷத்தில் குழாயடியில் அதை நான் சொன்னதே இல்லை. குடம் நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேருகிற வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன், கோபத்தில்.

சவூன்